ஏழிலேயே நின்ற மரக்கால்

காதில் ஹெட்போனும் கையில் டீயுமாக ஹஃப்ஸாவை நாம் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். டீ ஆறிப்போயிற்று. பாட்டு முடிந்துவிட்டது.

பாட்டு என்று சொல்ல அவளுக்கே கூச்சம். அதில் பாடுகிறவர் யாரும் இல்லை, வாத்தியமும் இல்லை. கீழ்வேளூர் கடைத்தெருவில் நெல்லும் அரிசியும் வியாபாரம் செய்யும் அவளுடைய அத்தா யூனுஸ், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்காக மரக்காலில் அரிசி அளந்த சத்தம்தான் மொத்தச் சரக்கும். கடையில் எல்லாமே எலெக்ட்ரானிக் தராசுதான். கஞ்சி அரிசியை மட்டும் வருடா வருடம் வீட்டில் வைத்து, கையால் அளந்து, வாயால் எண்ணிப் போடுவார். இந்த வருடம் அளந்தபோது ஹஃப்ஸா ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைச் செல்போனில் பிடித்துவிட்டாள். அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் அண்ணன் இர்பானுடையது. அவன் தோஹாவுக்குப் போனதிலிருந்து, அம்மா சாஜிதா பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி அதை மூடியே வைத்திருந்தாள். பி.காம். முடித்துவிட்டு வீட்டோடு இருந்த ஹஃப்ஸா ஒரு நாள் அந்தத் துணியை எடுத்தாள். யூடியூபில் யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து, சாம்ப்ளர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டாள்.

சாம்ப்ளரில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எந்தச் சத்தத்தையும் பிடித்து, வேண்டாததை வெட்டி, கீபோர்டில் இருக்கும் எழுத்துக்கு ஒன்றாகக் கட்டிவிடலாம். எழுத்தைத் தட்டினால் சத்தம் வரும். அடுத்தடுத்த கட்டங்களில் அடுக்கிவிட்டால் தானாகவே திரும்பத் திரும்ப ஓடும். ஹஃப்ஸா முதலில் பிடித்தது குக்கர் விசில். அதைப் போட்டுப் போட்டு அவள் ரசித்துக்கொண்டிருக்க, சமையற்கட்டில் இருந்த சாஜிதா சோறு வெந்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் அரைவேக்காட்டுச் சோறுதான்.

"பாட்டு கீட்டெல்லாம் எனக்குத் தெரியாது. சோத்துல கை வைக்காம எது வேணா பண்ணு" என்று யூனுஸ் சொன்னதோடு அந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

இப்போது அந்த மரக்கால் சத்தத்துக்கு ஒரு வேலை வந்திருந்தது. கல்லூரித் தோழி பிரதீபா திருவாரூர் பக்கத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சம்பா அறுவடையைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். இன்று சாயங்காலம் திருவாரூரில் ஒரு மண்டபத்தில் திரையிடல். படத்தில் வரும் விவசாயிகள் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். படத்தின் கடைசியில், களத்தில் நெல் குவியும் காட்சிக்கு ஹஃப்ஸாவின் சத்தம்.

யூனுஸுக்கும் அழைப்பு உண்டு. அவர் கடையும் படத்தில் ஒரு காட்சியில் வருகிறது. "எம்பொண்ணு ஏதோ மியூசிக் போட்டிருக்காளாம்" என்று நாலு நாளாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மியூசிக்கே தன் குரல்தான் என்பது அவருக்குத் தெரியாது. மண்டபத்தில் உட்கார்ந்து அவர் திடுக்கிட்டுத் திரும்புவதை ஹஃப்ஸா மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்து மகிழ்ந்துவிட்டாள்.

காலையில் பசியாறும்போது சாஜிதா வேறு ஒரு பேச்சை எடுத்தாள். வெள்ளிக்கிழமை கூத்தாநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் சுஹைப். நல்ல குடும்பம். அவர்கள் வரும் நேரத்தில் கம்ப்யூட்டரை மூடி, பழையபடி துணியைப் போட்டுவிட வேண்டும்.

"அதுல என்னம்மா இருக்கு?" என்றாள் ஹஃப்ஸா.

"ஒண்ணும் இல்லதான். ஆனா பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா, மரக்கால் சத்தத்தை வெட்டி வெட்டி ஒட்டுறான்னு நான் சொல்ல முடியுமா?"

சாஜிதாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளிடம் எதையும் மறைக்க ஹஃப்ஸாவால் முடியாது. அந்தத் துணியைச் சாஜிதா துவைத்து, இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தாள். நாற்காலி முதுகில் அது மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் யூனுஸ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சம்பா நெல் வந்து இறங்கும் மாசத்தில் அவர் சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வருவதில்லை. இப்படிப் பாதிக் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உடம்புக்கு முடியவில்லையா என்று சாஜிதா கேட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து ஹஃப்ஸாவின் முன்னால் நீட்டினார்.

பிரதீபா காலையில் படத்தின் முன்னோட்டத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அதில் ஹஃப்ஸாவின் சத்தமும் இருந்தது.

அரிசி சரிந்தது. மரக்கால் கவிழ்ந்தது. "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஏழு, ஏழு" என்றது யூனுஸின் குரல். திரும்பவும் ரெண்டு. திரும்பவும் ஏழு, ஏழு, ஏழு. கடைசியில் வேகம் கூடி, ஏழு ஏழு ஏழு ஏழு என்று மழை மாதிரி கொட்டி நின்றது.

"இது எப்பம்மா நான் சொன்னது?" என்று கேட்டார் யூனுஸ்.

அப்போதுதான் ஹஃப்ஸாவுக்கு அந்த ஏழுகள் உறைத்தன.

டெல்டாவில் நெல்லோடு புழங்குகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வாங்குகிறவன் ஏழு என்று எண்ணிவிட்டு, அடுத்த மரக்காலைக் கொட்டும்போது மறுபடியும் ஏழு என்றால், நடுவில் ஒரு மரக்கால் நெல் கணக்கில் வராமல் அவன் சாக்குக்குப் போய்விட்டது. விற்கிறவன் வயிற்றில் அடிக்கிற வேலை. அதோடு முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. சிலர் லாபம் என்பார்கள். யூனுஸ், பெருகட்டும் என்ற அர்த்தத்தில், பரக்கத் என்பார். பரக்கத் சொல்லாமல் அவர் ஒரு படி அரிசிகூட அளந்ததில்லை.

ஹஃப்ஸாவின் பாட்டில் பரக்கத்தும் இல்லை, ஏழுக்கு மேல் எண்ணும் இல்லை.

கடையில் நடந்ததை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். நெல் மூட்டைகளோடு பஞ்சநதம் வந்திருந்தார். யூனுஸிடம் பல வருடமாக நெல் போடுகிற பெரிய விவசாயி; படத்திலும் வருகிறார். வந்தவர் செல்போனைச் சத்தமாக வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். "என்ன பாய், ஏழுக்கு மேல ஏறவே மாட்டேங்குது?" என்று சிரித்திருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நெல் போட வந்த புது ஆள் ஒருவர் சிரிக்கவில்லை. தராசையும் யூனுஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பஞ்சநதம் விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. அவருக்கு என்னைத் தெரியும்" என்றார் யூனுஸ். "அந்தப் புது ஆளுக்கு என்னைத் தெரியாதேம்மா."

ஹஃப்ஸா வாயைத் திறந்தாள். அத்தா, அது வெறும் சத்தம், பாட்டுக்காக என்று சொல்ல வந்தாள்.

"நெல்லு போட வர்றவன் தராசை நம்பி வர மாட்டான். என் வாயைத்தான் பாப்பான்" என்றார் அவர். "அந்த வாயை எடுத்து நீ வெட்டிட்டியே."

சத்தமே போடாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் ஹஃப்ஸா அழுது தீர்த்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தான் வரவில்லை என்றார். என் குரலை அதிலிருந்து எடுத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் அவர் படுத்து ஹஃப்ஸா பார்த்ததில்லை.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

எப்படி இது தெரியாமல் போனது? நெல் வியாபாரி மகள். பேசப் பழகும் முன்பே எண்ணப் பழகியவள். முதல் எண் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னபோது, இல்லை டீச்சர், பரக்கத் என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவள். அவளுக்குத் தெரியாததா? ஆனால் திரையில் அந்த எண்களெல்லாம் அலை அலையாகக் கோடுகளாகிவிட்டன. வெட்டினாள், ஒட்டினாள், கட்டங்களில் போட்டாள். கேட்க நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

பரக்கத் சொன்ன நேரத்தில் வெளியே நாகப்பட்டினம் பஸ் ஹாரன் அடித்தது. அதனால் அதை வெட்டினாள். எட்டு சொன்னபோது பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. அதோடு அதற்கு மேலே இருந்த அத்தனையையும் வெட்டினாள். மென்பொருளில் ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டம். எண்ணுக்கு இரண்டு கட்டமாக எட்டு எண் வேண்டும். கையில் இருந்ததோ ஆறு. மீதிக்கு என்ன செய்வது? ஏழு சொல்லும்போது அத்தாவின் குரல் கொஞ்சம் கார்வையோடு இழுபட்டது, கேட்கவே சுகமாக இருந்தது. நன்றாக இருக்கும் சத்தத்தைத் திருப்பித் திருப்பிப் போடுங்கள் என்று யூடியூப்காரனும் சொல்லியிருந்தான். போட்டுவிட்டாள்.

சரி, அசலை எடுத்து முழுவதையும் மறுபடி அடுக்கிவிடலாம், ஹாரன் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கோப்பைத் திறந்தாள்.

திறந்தபோதுதான் தெரிந்தது. அசல் இல்லை. வெட்டியதை வேறு பெயரில் சேமிக்காமல், அதே பெயரில் மேலேயே சேமித்திருந்தாள். அந்தக் கோப்பு ரெண்டில் ஆரம்பித்து ஏழில் முடிந்தது. செல்போனில் பார்த்தாள். இடம் போதவில்லை என்று போன வாரமே அழித்தது நினைவுக்கு வந்தது. பரக்கத்தும் எட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை, உள்ளறையில் படுத்திருக்கிறவரின் வாயைத் தவிர.

அவரிடம் போய்க் கேட்க அவளுக்கு முகம் இல்லை.

பிரதீபாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவள் முன்னோட்டத்தை உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னாள். பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னால் வேறு ஏதாவது அனுப்பினால் படத்தில் சேர்த்துவிடலாம். முடியாவிட்டால் அந்தக் காட்சி சத்தமே இல்லாமல் ஓடட்டும் என்றாள். "உங்கப்பாவை விட எனக்குப் படம் பெருசு இல்ல ஹஃப்ஸா" என்றும் சொன்னாள். அப்போதுதான் ஹஃப்ஸாவுக்குக் கண் கலங்கியது.

சாஜிதா வந்து பின்னால் நின்றாள். அவள் கை தன்னையறியாமல் நாற்காலி முதுகில் தொங்கிய துணியைத் தொட்டது.

"இப்பவே மூடிடவா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இரும்மா."

"உங்கத்தா கோவம் சாயங்காலம் வரைக்கும்தான். உனக்குத் தெரியாதா?"

"கோவமா இருந்தாப் பரவாயில்லம்மா. அவங்க வெக்கப்பட்டுப் படுத்திருக்காங்க."

சாஜிதா துணியிலிருந்து கையை எடுத்தாள். மகளின் தலையை ஒரு முறை தடவிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனாள்.

ஹஃப்ஸா வேலையை ஆரம்பித்தாள். முதலில் அத்தாவின் குரலை எடுத்தாள், ஒவ்வோர் எண்ணாக. கடைசியாக ஏழையும் எடுத்தாள். மிஞ்சியது அரிசியும் மரக்காலும்தான். அரிசி மரக்காலில் நிறையும் சத்தத்தை ஓர் எழுத்துக்குக் கட்டினாள். மேலே குவிந்த அரிசியைக் கையால் தள்ளித் தலை வழிப்பதை அடுத்ததுக்கு. சாக்கில் கவிழ்ப்பதை அதற்கு அடுத்ததுக்கு. பழைய கோப்பை முதலில் நகல் எடுத்து, வேறு பெயர் கொடுத்த பிறகுதான் கை வைத்தாள். இந்தப் பாடத்தை இனி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுக்கும்போது ஒன்று இடித்தது. பதினாறு கட்டத்தில் மரக்கால் சரியாக உட்காரவில்லை. எண்ணினாள். அத்தா அளப்பது கலக் கணக்கு. பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். பரக்கத் என்று ஆரம்பித்து, பன்னிரண்டாவதை எண்ணாகச் சொல்லாமல் கலம் என்று சொல்லி முடிப்பார். இவள் அதைக் கொண்டுபோய்ப் பதினாறில் திணித்திருக்கிறாள்.

திரையின் ஓரத்தில் பதினாறு என்று சின்னதாக எழுதியிருந்தது. இத்தனை நாளும் அதை மாற்ற முடியும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. தட்டிப் பார்த்தாள். மாறியது. பன்னிரண்டு என்று வைத்தாள். ஒரு மரக்காலுக்கு ஒரு கட்டம். அளவெடுத்துத் தைத்த மாதிரி எல்லாம் இடத்தில் உட்கார்ந்தது.

மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்று பார்க்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

அரிசி நிறைந்தது. தலை வழித்தது. கவிழ்ந்தது. நிறைந்தது, வழித்தது, கவிழ்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னவோ யாரோ ஆள் இல்லாத நேரம் பார்த்து அள்ளுகிற மாதிரியும் இருந்தது. ஹஃப்ஸாவுக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை. வரிசை முடிந்து முதல் கட்டத்துக்குத் திரும்பியது. மரக்கால் கவிழ்ந்தது.

"பரக்கத்" என்றது ஒரு குரல்.

அவள் திரும்பினாள். யூனுஸ் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலைமுடி கலைந்திருந்தது. தான் வாயைத் திறந்ததே அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. அடுத்த மரக்கால் கவிழ்ந்தது.

"ரெண்டு" என்றார்.

ஹஃப்ஸா சட்டென்று நிறுத்தினாள். யூனுஸ் கொஞ்சம் சங்கடத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாய் மூடிக்கிட்டு அளந்தா திருட்டு அளவு மாதிரில்ல இருக்கு" என்றார். "கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியல."

ஹஃப்ஸா எழுந்து நின்றாள். இவ்வளவு நேரம் வராத பேச்சு இப்போது வந்தது.

"அத்தா, உங்களைக் கேக்காமப் பிடிச்சது தப்பு. கேக்காம வெட்டினதும் தப்பு. இப்பக் கேக்குறேன். நீங்க எண்ணுனா நான் பிடிச்சுக்கட்டுமா? வேணாம்னா, நான் இப்படியே அனுப்பிடுறேன்."

யூனுஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"முழுசா வருமா?"

"கலம் வரைக்கும் வரும்."

"நடுவுல கை வைக்க மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் போய் அரிசி டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்திருந்த மரக்காலை எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். சாஜிதா மின்விசிறியை நிறுத்தினாள். ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டில் போய் மிக்ஸி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருக்கதவைத் திறந்துகொண்டு காவலுக்கு நின்றாள். மீன் கூடையோடு வந்த எல்லையம்மாள் கூவுவதற்கு வாயைத் திறந்தபோது, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு என்னாயிற்று என்று எல்லையம்மாள் பதறிப்போய்க் காதோடு கேட்டாள். ஒன்றும் இல்லை, அவங்க அரிசி அளக்கிறாங்க என்று சாஜிதாவும் காதோடு சொன்னாள். அரிசி அளப்பதற்கு ஊரையே வாய் மூடச் சொல்கிற வீட்டை எல்லையம்மாள் இப்போதுதான் பார்க்கிறாள்.

உள்ளே, மடித்த துண்டின் மேல் செல்போன் இருந்தது. யூனுஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். மரக்காலை நிறைத்து, உள்ளங்கையால் தலை வழித்து, சாக்கில் கவிழ்த்தார்.

"பரக்கத்."

முதலில் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி. நாலு, ஐந்து வரும்போது செல்போனை மறந்துவிட்டார். ஏழு சொன்னபோது பழைய இழுவை வந்தது. அது போன முறையைவிட நன்றாக இருந்தது என்பதை ஹஃப்ஸா கவனித்தாள். அவர் நிறுத்தாமல் எட்டுக்குப் போனார். கடைசியில் கலம் என்று சொல்லிவிட்டு மரக்காலைக் கவிழ்த்து வைத்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

தெருவில் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து எல்லையம்மாள் ஒரு கூவல் கூவினாள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து யூனுஸ் சாப்பிட்டார். ஹஃப்ஸாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்கினாள், கேட்டாள், சரி செய்தாள். வாக்குக் கொடுத்தபடி நடுவில் கை வைக்கவில்லை. பரக்கத்தில் ஆரம்பித்துக் கலத்தில் முடிந்தது. முடிந்ததும் மறுபடி பரக்கத். ஒரு கலம் போய் அடுத்த கலம் வருகிறது, அவ்வளவுதான். அதில் எந்தக் கணக்கும் குறையவில்லை. இரண்டாவது கலத்தில் அரிசிச் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கீழே விரித்தாள்; மழைக்கு முன்னால் வரும் காற்று மாதிரி கேட்டது. அசர் பாங்கு சொல்வதற்கு முன்னால் அனுப்பிவிட்டாள்.

திருவாரூர் மண்டபத்தில் கூட்டம் நன்றாகவே இருந்தது. யூனுஸ் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாலும் கடைசி வரிசைக்குத்தான் போனார். சாஜிதா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் இருந்த பஞ்சநதம் திரும்பிப் பார்த்துக் கை தூக்கினார். யூனுஸ் தலையை மட்டும் அசைத்தார். பஞ்சநதம் கூட்டி வந்தாரோ என்னவோ, அந்தப் புது ஆளும் வந்திருந்தார். ஹஃப்ஸா அவரை முன்பு பார்த்ததில்லை. ஆனால் அத்தாவின் கண் போன இடத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

படம் ஓடியது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது. ரோட்டில் நெல் காய்ந்தது. கடைசிக் காட்சி வந்தது. களத்தில் குவியல் உயர, அரிசி நிறையும் சத்தம் மண்டபத்தை நிறைத்தது.

"பரக்கத்" என்றது யூனுஸின் குரல்.

முன்வரிசையில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை ஏறியது. காலையில் முன்னோட்டம் பார்த்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அஞ்சு, ஆறு வரும்போது மண்டபம் முழுவதும் ஒரு சிரிப்பு வெளியே வரக் காத்திருந்தது. ஹஃப்ஸா சாஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு."

மரக்கால் நிறைந்தது. தலை வழித்தது. அந்த இடைவெளி இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மரக்கால் கவிழ்ந்தது.

"எட்டு."

மண்டபம் ஓவென்று சிரித்துக் கைதட்டியது. ஆனால் காலையில் கடையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. ஒன்பதைப் பஞ்சநதமே சேர்ந்து சொன்னார். பத்துக்கு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பதினொன்றுக்கு எல்லோரும். நெல்லோடு புழங்குகிற கூட்டம். எண்ண ஆரம்பித்தால் நிறுத்தாது. கலம் என்று மண்டபமே சொல்லி முடித்தது. அந்தப் புது ஆளின் உதடும் அசைந்தது. யூனுஸ் அதைப் பார்த்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் பஞ்சநதம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தார்.

"ஏறிடுச்சு பாய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

யூனுஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு மீதி நெல்லையும் எடுத்து வாங்க என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஹஃப்ஸா, அடுத்து சாஜிதா, எதிர்ப்பக்கம் யூனுஸ். அறுத்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. பிரதீபாவிடமிருந்து செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது. ஹஃப்ஸா ஒன்றையும் படிக்கவில்லை. அத்தா என்ன சொல்லப் போகிறார் என்றே காத்திருந்தாள். அவர் கீழ்வேளூர் வரும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாஜிதா பழக்கத்தில் நேராகக் கம்ப்யூட்டரிடம் போய், துணியை எடுத்து விரித்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்றே பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"அதைப் போடாதே" என்றார் யூனுஸ்.

சாஜிதா துணியோடு திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்கங்க."

"வரட்டும். பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேப்பாங்கல்ல?" அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேட்டா, அதைப் போட்டுக் காட்டு. பரக்கத்துலேர்ந்து முழுசாப் போடு. கலம் வர்ற வரைக்கும் அவங்க பொறுமையா உக்காந்து கேக்குறாங்களான்னு நான் பாக்கணும்."

ஹஃப்ஸா அம்மாவைப் பார்த்தாள். சாஜிதா தன் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். அதை மடித்து எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.